ஆண்டுத் தேர்வும் அளவை வண்டியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

"கல்வியைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது நாம் பெரிதும் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு ஏட்டுக் கல்விக்கு விடை கொடுத்தவர் நாம். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானதால், பத்தொன்பதாம் வயதில் ரயில்வே எழுத்தர் நாற்காலியில் வந்து அமர்ந்தோம்; அந்த நாற்காலியிலேயே தலையும் நரைக்கத் தொடங்கிவிட்டது. பட்டதாரிகள் நிறைந்த இந்த அவையில் கல்வியைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி? ஆயினும், கல்வியால் அடைந்த சிறப்பைச் சொல்லப் பலர் உளர். கல்வி விஷயத்தில் செய்த பிழையைச் சொல்ல ஒருவராவது வேண்டுமன்றோ? அந்தத் தகுதி நமக்குக் குறைவின்றி உண்டு. ஆகவே துணிந்து இம்மேடையில் நிற்கிறோம்.

நம் தமையனாரின் மகளை உங்களில் பலர் அறிவீர்கள். நம் காலனியில் பிறந்து வளர்ந்தவள். இதே மேடையில் ஏழு வயதில் குறள் ஒப்புவித்து, எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பரிசாகப் பெற்றவள். அந்த டம்ளரில்தான் அண்ணியார் இன்றும் காப்பி அருந்துகிறார். அவள் எம்.பி.பி.எஸ். தேறியபோது இந்தக் காலனியே இனிப்பு உண்டது. பின்னர், 2022-ஆம் ஆண்டு, மேற்படிப்புக்கு அவள் தேர்ந்தெடுத்த துறை அவசர மருத்துவம் என்று அறிந்தபோது, இனிப்பு உண்ட வாய்களே சற்றுக் கோணின. "இருதய வைத்தியர் தெரியும், கண் வைத்தியர் தெரியும், அவசர வைத்தியர் என்றால் யார்? கேஷுவாலிட்டியில் உட்காரவா இத்தனை ஆண்டுப் படிப்பு?" என்று கேட்டவர்களில் நாமும் ஒருவர். ஒளிப்பானேன்?

இத்துறை வயதில் இளையது என்பதே அந்தக் கேள்விக்குக் காரணம். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரப் பல்கலைக்கழகத்தில் 1970-ஆம் ஆண்டுதான் இதற்கென முதல் பயிற்சி தொடங்கிற்று. 1979-ஆம் ஆண்டு அந்நாடு இதனைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் அந்நாளில் இருந்த இந்திய மருத்துவக் கழகம் 2009-ஆம் ஆண்டில்தான் இதற்கு அங்கீகாரம் வழங்கிற்று. அதற்கு முன்பு அவசரப் பிரிவு என்பது, மற்றத் துறையார் முறைவைத்து வந்து நின்று போகும் இடமாகவே பெரும்பாலும் இருந்தது.

மற்றத் துறை வைத்தியருக்கு, வருகிறவரின் நோய் இன்ன உறுப்பைச் சார்ந்தது என்பதாவது முன்கூட்டித் தெரியும். அவசர வைத்தியருக்கு அதுவும் தெரியாது. கதவு திறக்கும், வருகிறவர் மாரடைப்பு உற்ற முதியவராக இருக்கலாம், லாரி மோதிய இளைஞராக இருக்கலாம், காசை விழுங்கிய குழந்தையாக இருக்கலாம், நம் நாகபுரியின் மே மாத வெயிலில் சுருண்டு விழுந்த கட்டடத் தொழிலாளியாக இருக்கலாம். நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பக்கவாதம் கண்டவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து தருவதானால், நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் தர வேண்டும். வந்தவர்களை நம் சிக்னல் விளக்குகளைப் போலவே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். ஒரு வேறுபாடு உண்டு: நமக்குச் சிவப்பு என்றால் நிற்க வேண்டும்; அவர்களுக்குச் சிவப்பு என்றால் ஓட வேண்டும்.

இத்தகைய துறையில் மூன்றாண்டுப் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் ஆண்டுதோறும் ஒரு தேர்வு. நம் பிழை அந்தத் தேர்வில்தான் தொடங்குகிறது.

2023-ஆம் ஆண்டு அவளுடைய முதல் ஆண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்தது. தொலைபேசியில் கேட்டோம். நூற்றுக்கு 46 என்றாள். நம் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. பள்ளியில் தொண்ணூற்றைந்துக்குக் கீழ் அறியாதவள்! "நாற்பத்தாறா? ஊரெல்லாம் டாக்டர், டாக்டர் என்று பெருமை பேசித் திரிகிறோமே, எங்கள் முகத்தில் கரி பூசிவிட்டாயே, அம்மா!" என்றோம்.

"சித்தப்பா, இது பாஸ், ஃபெயில் போடும் பரீட்சை அல்ல" என்றாள் அவள்.

"தோற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றோம் நாம்.

அந்தச் சொல்லை இன்று இம்மேடையில் திருப்பிச் சொல்லும்போதும் நாக்குக் கூசுகிறது. மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு, "நோயாளி வந்திருக்கிறார், வைத்துவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் இரண்டு மாதம் அவளிடமிருந்து நமக்கு அழைப்பே வரவில்லை. ஞாயிறுதோறும் தவறாமல் பேசுகிறவள் அவள். ஒருநாள் அண்ணியார் நம் வீட்டுக்கு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, அவள் படிப்பை விட்டுவிடலாமா என்று கேட்கிறாள். எங்கேயாவது சிறிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகப் போய்விடுகிறாளாம். தனக்கு மூளை போதவில்லை என்று சித்தப்பாவே சொல்லிவிட்டாராம்" என்றார். அன்றிரவே நாம் வண்டி ஏறினோம்.

அவள் பயின்ற மருத்துவமனை இங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவிலுள்ள நகரத்தில் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு அவளுடைய இரவுப்பணி முடியும் என்று அறிந்து, ஏழரைக்கே போய் அவசரப் பிரிவின் வெளிக்கூடத்து விசிப்பலகையில் அமர்ந்தோம். எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, அவள் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே அவள் தெரிந்தாள். ஒரு முதியவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், முகமெல்லாம் வியர்வை. நம் குழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டே ஓடினாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவன் குடிபோதையில் அவளை ஏசினான்; அவள் குரல் உயரவில்லை. ஒரு தாய் தன் கைக்குழந்தையை அவளிடம் நீட்டி அழுதாள். வாங்கிக்கொண்டு, முதலில் அந்தத் தாயை உட்காரச் சொன்னாள். இவற்றுள் எதற்கும் அந்த நாற்பத்தாறில் மதிப்பெண் உண்டா என்று நமக்குள்ளே ஒரு கேள்வி எழுந்தது.

பத்தரை மணிக்கு வெளியே வந்தாள். நம்மைக் கண்டு திகைத்து நின்றாள். "சாப்பிட்டீர்களா, சித்தப்பா?" என்பதே அவள் கேட்ட முதல் கேள்வி. இரவெல்லாம் நின்றவள் அவள். சாப்பிட்டாயா என்று நாம் கேட்டிருக்க வேண்டும். வாசலில் இருந்த தேநீர்க் கடையில் அமர்ந்தோம். "அம்மா, நாம் தெரியாமல் பேசிவிட்டோம். அந்தப் பரீட்சை என்னவென்று நமக்குப் புரியும்படி சொல்லு" என்று கேட்டோம். கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள்.

அதில் அந்த 46 என்ற எண் ஒரு மூலையில்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் ஆசிரியர் பென்சிலால் எழுதிய குறிப்புகள். விபத்துக் காயம், நன்று. இதயம், போதும். நஞ்சும் பாம்புக்கடியும், மிகக் குறைவு. குழந்தை மருத்துவம், குறைவு. ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தக் கேள்வியில் எந்தப் படி விட்டுப்போயிற்று என்ற விவரம்.

அந்தத் தாளைக் கண்டதும் நமக்கு வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. நாம் பணியாற்றுவது பொறியியல் பிரிவு அலுவலகத்தில். தண்டவாள அளவை வண்டி என்று ஒன்று உண்டு, அலுவலகத்தில் டி.ஆர்.சி. என்போம். அது பாதையில் ஓடிக்கொண்டே, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கிறதா, ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்துவிட்டதா, எங்கேனும் முறுக்கு விழுந்திருக்கிறதா என்றெல்லாம் அளந்து பதிந்துகொண்டு போகும். இன்ன கிலோமீட்டரில் இன்ன குறை என்று அதன் தாள் சொல்லும். அதைப் பார்த்து யாரும் பாதையைத் திட்டுவதில்லை. பாதையைப் பெயர்த்தெறிவதும் இல்லை. பாதைப் பராமரிப்பாளர்கள் சரியாக அந்தக் கிலோமீட்டருக்குப் போய், ஜல்லியைக் கெட்டித்துச் செப்பனிட்டுத் திரும்புகிறார்கள். அந்தத் தாள்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்பில் கட்டிவைத்தவர் நாம். அவற்றின் பொருள் அன்று தேநீர்க் கடையில்தான் விளங்கிற்று.

அன்பர்களே! பயிற்சிக்கால ஆண்டுத் தேர்வு அத்தகைய அளவை வண்டியே. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் அவசர மருத்துவப் பயிற்சியாளர்களுக்கு ஒரு தேர்வு நடைபெறுகிறது. ஏறத்தாழ 225 வினாக்கள். முதலாண்டுக்காரர், இரண்டாமாண்டுக்காரர், மூன்றாமாண்டுக்காரர் எல்லோருக்கும் வினாத்தாள் ஒன்றே. மூன்றாமாண்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியவற்றையே அது கேட்கிறது. முதலாண்டில் இருப்பவர் அதில் தடுமாறுவது இயல்பு, தடுமாறாவிட்டால்தான் வியப்பு. அதில் தேர்ச்சி இல்லை, தோல்வியும் இல்லை. இப்படியே படித்துவந்தால் பின்னால் வரும் பெருந்தேர்வில் தேறுவீர்களா என்று காட்டுவதே அதன் வேலை. இந்த மதிப்பெண்ணைக் கொண்டு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அந்நாட்டு அவசர மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடு.

நம் நாட்டிலோ, டி.என்.பி. பட்டத்துக்குப் பயில்வோர்க்குத் தேசியத் தேர்வு வாரியம் இத்தகைய ஆண்டுத் தேர்வை மூன்று பகுதிகளாக வகுத்திருக்கிறது. முதற்பகுதி எழுத்துத் தேர்வு. இரண்டாம் பகுதியில், எழுதியவற்றின் நிறைகுறைகளை ஆசிரியர் பயிற்சியாளரோடு அமர்ந்து பேசுகிறார். மூன்றாம் பகுதியில், பயிற்சியாளர் நோயாளியின் அருகில் நின்று எவ்வாறு செயல்படுகிறார் என்பதை மேற்பார்த்து மதிப்பிடுகிறார்கள். இரண்டாம் பகுதியைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிழையைச் சொல்லிக்கொடுப்பதும் தேர்வில் ஒரு பகுதி! பட்டம் தரும் இறுதித் தேர்வு வேறு, இது வேறு. நாம் இரண்டையும் ஒன்றாக்கிக் குழம்பினோம்.

நாமும் இளமையில் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வை இருமுறை எழுதினோம். இருமுறையும் தேர்ந்தோர் பட்டியலில் நம் பெயர் இல்லை. எந்தப் பகுதியில் தவறினோம் என்று மேலதிகாரி ஒருவரிடமேனும் சென்று கேட்டோமா? இல்லை. வெட்கம் வாயை அடைத்தது. மூன்றாம் முறை விண்ணப்பம் போடவே இல்லை. நம் வெட்கத்தைத்தான் அந்தக் குழந்தையின் தலையிலும் ஏற்றிவைத்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

இனி, இத்தகைய தேர்வுக்கு ஆயத்தமாவது எப்படி என்பதை அவள் வாயால் கேட்டவாறு சொல்கிறோம். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் எந்தப் படிப்புப் படித்தாலும் இது பயன்படும்.

முதலாவது, தேர்வுக்கு முந்தைய மாதத்தில் படிப்பைத் தொடங்குவதில் பயனில்லை. வாரத்தில் பாதி இரவுகள் கண்விழிக்கிறவர்களுக்கு நாள் முழுதும் புத்தகத்தோடு இருக்கும் நாள் என்று ஒன்று வருவதே அரிது. ஆகவே ஒவ்வொரு நாளும் அன்று கண்ட நோயாளிகளில் ஒருவரை எண்ணி, அந்த நோயைப் பற்றி இருபது நிமிடம் படித்து, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். முகத்தோடு சேர்ந்த பாடம் மறப்பதில்லை என்பது அவள் அனுபவம்.

இரண்டாவது, புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத் தானே கேட்டுக்கொள்வது. படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தால் தெரிந்துவிட்டது போன்ற ஒரு மயக்கம் உண்டாகும். 2006-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலார் இருவர் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, திரும்பப் படிக்காமல் தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தார்கள். நோயாளி நம்மிடம் வருவது ஐந்து நிமிடம் கழித்தன்று. பல மாதம் கழித்து. ஆகவே சோதித்துப் படிப்பதே சிறந்தது.

மூன்றாவது, தெரிந்த இடத்திலேயே உழுதுகொண்டிராமை. விபத்துக் காயம் அவளுக்கு விருப்பமான பாடம்; களைத்த வேளையிலும் அதையே எடுப்பாளாம். நஞ்சைப் பற்றிய பகுதியைத் திறக்கவே கை வராது. மதிப்பெண் தாள் வந்தபின், வாரத்தின் முதல் மூன்று நாள் குறைந்த பாடங்களுக்கு என்று வகுத்துக்கொண்டாள்.

நான்காவது, பிழைகளைப் பிரித்துப் பார்ப்பது. பழகுவதற்காக முழு வினாத்தாளையும் நேரம் குறித்து ஒரே அமர்வில் எழுதிப் பார்ப்பார்கள். தவறிய ஒவ்வொன்றையும் எடுத்து, இது தெரியாததால் தவறியதா, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காததால் தவறியதா, சரியாக எண்ணியதை ஐயத்தால் மாற்றியதா என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் வகைக்குப் படிப்பு மருந்து. இரண்டாவதற்கு நிதானம் மருந்து. மூன்றாவதற்கு உறக்கம் மருந்து என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். உறக்கம் விளையாட்டன்று. தேர்வுக்கு முந்தைய இரவு எவருக்கும் இரவுப்பணி விழாதபடி தோழர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வார்களாம். ஓட்டுநர்களுக்கு ஓய்வு நேரம் ஏன் கட்டாயம் என்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி? தேர்வை எழுதுவதைவிட இதுவே கடினம். பெற்றோர் தவறுவதும் இங்கேதான்.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். முதலாண்டுக்காரரை முதலாண்டுக்காரரோடுதான் ஒப்பிட வேண்டும். அவளுடைய பிரிவில் அவ்வாண்டு சேர்ந்த நால்வரில், 46 இரண்டாம் இடமாம்! நாம் அதைக் கேட்கவே இல்லை. அடுத்து, சதவீதம் வேறு, சதமானம் வேறு. அமெரிக்கத் தேர்வு முடிவில் சதமானமும் வரும். நாற்பதாம் சதமானம் என்றால் நூற்றுக்கு நாற்பது பெற்றார் என்பது பொருளன்று. நூறு பேரை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்பதே பொருள். எல்லோரும் திறமைசாலிகளாக இருக்கும் வரிசையிலும் பாதிப்பேர் நடுவுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். நம் பிள்ளைகளின் நுழைவுத் தேர்வு முடிவுகளிலும் இச்சொல் வருகிறது, குழம்பாதிருங்கள்.

ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு தேர்வு வைத்தால் இரண்டு எண்ணும் ஒன்றாக இரா என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வந்த கேள்விகள், முதல் நாள் உறக்கம், உடல்நிலை இவற்றால் சில எண்கள் ஏறும், இறங்கும். ஆகவே இரண்டு மூன்று மதிப்பெண் வேறுபாட்டுக்காக மகிழவும் வேண்டா, அழவும் வேண்டா. ஆண்டுக்கு ஆண்டு பாதை எத்திசையில் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மொத்த எண்ணைவிடப் பாடவாரியான எண்களைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால், குறைந்த மதிப்பெண் வந்தால் கவலையே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆண்டுத் தேர்வுகளில் மிகவும் பின்தங்குகிறவர்கள் இறுதித் தேர்விலும் தடுமாறக் கூடும். அளவை வண்டி காட்டிய குறையைக் கோப்பில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டால் பாதை தானே நேராகிவிடுமா? குறையைக் கண்டு அஞ்சுகிறவனும் குறையைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறவனும் செப்பனிடாமல் விடுவதில் ஒருவரே.

அன்று விடைபெறும்போது, "படிப்பை விடுவதாகச் சொன்னாயாமே?" என்று கேட்டோம். "இரவுப்பணி முடிந்த காலையில் எல்லோருக்கும் அப்படித் தோன்றும், சித்தப்பா. ஆனால் நீங்களும் அப்படி நினைக்கிறீர்கள் என்றதும் அது உண்மையோ என்று பட்டுவிட்டது" என்றாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. ஞாயிறுதோறும் பேசுவதாகச் சொல்லி வண்டி ஏற்றிவிட்டாள்.

அந்த முதல் தேர்வில் அவள் தவறவிட்ட கேள்விகளில் ஒன்றைச் சொல்கிறோம். தரையில் படுத்துறங்கிய சிறுவன் ஒருவன் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுகிறான், சற்று நேரத்தில் கண் இமைகள் தாமே சரிகின்றன, விழுங்க முடியவில்லை, உடம்பில் கடிவாய் எதுவும் காணோம். நோய் என்ன, சிகிச்சை என்ன? அவள் வேறு ஏதோ எழுதிவிட்டாள். சரியான விடை கட்டுவிரியன் கடி. நம் நாட்டில் மிகுதியாக உயிரைப் பறிக்கும் பாம்புகள் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு. அவற்றுள் கட்டுவிரியன் இரவில் உறங்குகிறவரைக் கடிக்கும். பெரும்பாலும் வீக்கம் இராது, வலியும் இராது, பல் பதிந்த தடமும் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். நான்கு பாம்புகளுக்கும் பொதுவான நஞ்சுமுறி மருந்தை உடனே தர வேண்டும். மூச்சு அடங்குமானால் செயற்கைச் சுவாசம் தந்து காத்திருக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அதிகாலை ஐந்து மணிக்கு, ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வயிற்று வலி, இரவு உண்டது சேரவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். நம் குழந்தை அவன் முகத்தைப் பார்த்தாள். இமைகள் பாதி மூடியிருந்தன. "இரவு எங்கே படுத்தான்?" என்று கேட்டாள். "தரையில்" என்றார்கள். உடனே மூத்த மருத்துவரை அழைத்தாள். நஞ்சுமுறி மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் சிறுவனின் மூச்சு தளர்ந்தது. குழாய் இட்டுச் செயற்கைச் சுவாசக் கருவியில் சேர்த்தார்கள். நான்காம் நாள் கருவியை எடுத்தார்கள். எட்டாம் நாள் அவன் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனான்.

இதைக் கேட்டு நாம் பூரித்துப்போய், "பார்த்தாயா, அந்தப் பரீட்சை ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது!" என்றோம். "அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள், சித்தப்பா. மழையில் ஆட்டோவை விரட்டிக்கொண்டு வந்தவர் ஒருவர். நான்கு இரவு அவன் பக்கத்திலேயே இருந்த நர்ஸுகள் இருவர். நான் கேட்டது ஒரு கேள்விதான்" என்று அடக்கினாள். பிறகு மெல்ல, "ஆனால் அந்தக் கேள்வியைத் தாளில் தவறியிராவிட்டால் கட்டிலருகில் கேட்டிருப்பேனோ, தெரியாது" என்றாள். தாளில் தவறினால் ஒரு மதிப்பெண் போகும். கட்டிலருகில் தவறினால் ஒரு பிள்ளை போய்விடும். தவறுகளைத் தாளிலேயே செய்து தீர்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடமே இந்த ஆண்டுத் தேர்வு.

அவளுடைய இரண்டாம் ஆண்டு மதிப்பெண் 58. நஞ்சும் குழந்தை மருத்துவமும் நன்கு உயர்ந்திருந்தன. இதயம் சற்று இறங்கியிருந்தது. இம்முறை நாம் மொத்த எண்ணைக் கேட்கவில்லை. "எந்தக் கிலோமீட்டரில் ஜல்லி போட வேண்டும்?" என்று கேட்டோம். கலகலவென்று சிரித்தாள். 2025-ஆம் ஆண்டு இறுதித் தேர்விலும் தேறி, இப்போது ஓர் அவசரப் பிரிவில் பணியாற்றி வருகிறாள்.

அன்பார்ந்த பெற்றோர்களே! பிழைப்பைத் தேடி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்து குடியேறியவர்கள் நாம் எல்லோரும். நிலம் இல்லை, தோப்பு இல்லை. பிள்ளைகளின் படிப்பே நம் சொத்து. அதனால்தான் அவர்கள் மதிப்பெண் குறைந்தால் நம் வயல் காய்ந்ததுபோல் துடிக்கிறோம். அந்தத் துடிப்பில் குற்றமில்லை. அது சொல்லாகி வெளிவரும் விதத்தில்தான் குற்றம். ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறோம். மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இது எதை அளக்கும் தேர்வு என்று கேளுங்கள். பிள்ளை கொண்டுவரும் தாளில் மூலையிலுள்ள எண்ணை மட்டும் பாராமல், ஓரத்திலுள்ள குறிப்புகளைச் சேர்ந்து அமர்ந்து படியுங்கள். பிறர் வீட்டுப் பிள்ளையின் எண்ணைத் திருமண வீட்டுப் பந்தியில் விசாரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் எண்ணையும் அங்கே பரிமாறாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒன்றே ஒன்று. தவறிய கேள்வியை மறைக்காமல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். நாற்பத்தேழு வயதில் இதை உங்களுக்குச் சொல்கிற நாம், இருபத்தைந்து வயதில் கேட்கத் துணிந்திருந்தால் இந்நேரம் வேறு நாற்காலியில் அமர்ந்திருப்போமோ என்னவோ! இந்த ஆண்டு துறைத் தேர்வுக்கு அறிவிப்பு வந்தால் மூன்றாம் முறையாக விண்ணப்பம் போடுவதாக நம் குழந்தையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் தாளை அனுப்ப வேண்டும் என்று அவள் கட்டளை இட்டிருக்கிறாள். அந்த எண் என்னவாக இருப்பினும் அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையிலேயே சொல்லிவிடுகிறோம்.